சாய்ந்து நின்ற ஞ

1

ஜெர்மனியில் நல்லது செய்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. செய்து முடித்த பிறகுதான் கேட்க வேண்டும். நாம் செய்தது நல்லதுதான் என்று வரி அலுவலகம் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதுவரை நாம் பியர் குடிக்கக் கூடுகிற ஆட்கள், அவ்வளவுதான்.

எங்கள் சங்கம் மாதம் ஒருமுறை ஒரு மதுக்கடையின் பின்னறையில் கூடுகிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, அதில் ஒரு வாக்கியத்தைப் பற்றி முக்கால் மணி நேரச் சண்டை எல்லாம் உண்டு. முதல்முறை போனபோதே எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது. சங்கத்தின் நோக்கம் லினக்ஸ் வகையைச் சேர்ந்த மென்பொருள்களைப் பரப்புவது. அவற்றை யாரும் நகலெடுக்கலாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குத் தரலாம். தரும்போது அவர்களும் அதேபோலத் திறந்து பார்க்கும்படி தர வேண்டும். நிபந்தனை அது ஒன்றுதான்.

வரி அலுவலகத்து அம்மையார் இதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?"

"யாருமில்லை."

"யாருக்கு லாபம்?"

"யாருக்குமில்லை."

"அப்படியானால் பயனாளி யார்?"

எங்கள் செயலாளர் ஊவே ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிக்னல் விழாமல் வாயைத் திறக்க மாட்டார். அவர் மெதுவாகத் திரும்பி என்னைச் சுட்டிக்காட்டினார். "இவர். அதாவது இவருடைய ஊர்."

அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு தேசமே பயனடைந்த தடயம் என் மேல்சட்டையில் இல்லை. "ஒரு அறிக்கை எழுதித் தாருங்கள். ஒரு பக்கம் போதும். சான்று இணைக்க வேண்டும்" என்றார்.

ஒரு பக்கத்தில் அடங்காததை உங்களுக்கு எழுதுகிறேன். நெய்யாற்றங்கரைப் பக்கத்திலிருந்து கிளம்பி நெக்கர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தவன் நான். பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. ஆறு மாறியிருக்கிறது, குளிருக்குக் காலுறை சேர்ந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் வேறு முன்னேற்றம் இருப்பதாகத் தெரியவில்லை.

2

எங்கள் ஊர் பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. கேரளம்தான். வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும், அலுவலகத்தில் மலையாளம். கோபம் வந்தால் எது முதலில் வாயில் வருகிறதோ அது. ஊரில் ஒரு வாசகசாலை உண்டு. அதில் மலையாளப் புத்தகங்கள் சுவர் முழுக்கவும், தமிழ்ப் புத்தகங்கள் ஜன்னலோரம் மூன்று அலமாரியிலும் இருந்தன.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறசாலை டெலிபோன் பூத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"தாணு, நான் லீலாயாக்கும். எடே, உனக்குக் கம்ப்யூட்டர் அறியுமா, இல்ல அதுக்கு முன்னால சும்மா இருந்து போட்டோவுக்குப் போஸ் குடுக்கியா?"

லீலா என்னோடு படித்தவள். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வாசகசாலைக் கமிட்டியில் ஒரே பெண் அங்கத்தினர். அவள் வாய்க்குப் பயந்துதான் மற்றவர்கள் கூட்டத்துக்கு நேரத்துக்கு வருகிறார்கள் என்று கேள்வி.

"கொஞ்சம் அறியும்" என்றேன்.

"கொஞ்சம் மதி, அது போதும். வாசகசாலைக்குப் பஞ்சாயத்திலிருந்து கம்ப்யூட்டர் வந்திருக்கு. புஸ்தகத்தை எல்லாம் அதில ஏத்தணுமாம். ஏத்தாத புஸ்தகத்தை இனி வெளிய குடுக்கக் கூடாதாம். ஆனா அந்தப் பட்டியல் போடுத சாதனத்துக்கு மலையாளமும் இங்கிலீசும்தான் அறியுமாம். மாதவன் பிள்ளை சார் சொல்லுகாரு, தமிழ் அறியாததை வச்சுக்கிட்டு நாம என்ன செய்ய, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில ஒரு வாசகசாலைக்குக் குடுத்திரலாம்னு."

"கம்ப்யூட்டரையா?"

"போடே. புஸ்தகத்தை."

மாதவன் பிள்ளை சார் வாசகசாலைத் தலைவர், ஓய்வு பெற்ற சப்-ரிஜிஸ்ட்ரார். அவர் வீட்டில் பூனையைக்கூடத் தமிழில்தான் விரட்டுவார்கள். அவருக்குத் தமிழ் மேல் ஒரு விரோதமும் இல்லை. சட்டத்தின் மேல் பிரியம் கொஞ்சம் கூடுதல். பட்டியலில் ஏறாத புத்தகம் அவர் கணக்கில் பிறக்காத பிள்ளை. போதாததற்கு, கம்ப்யூட்டருக்குத் தூசு படாத கண்ணாடி அறை கட்ட வேண்டும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்குத் தோதான இடம் ஜன்னலோரம்.

"அந்த விற்ற ஆளிடம் தமிழையும் சேர்த்துத் தரச் சொல்லக் கூடாதா?"

"கேட்டாச்சு. பற்றில்லாவாம், முடியாதாம். நாமளே ஆரையாவது வச்சுச் சேர்த்துக்கிடலாமான்னேன். அதைத் திறந்து பாக்கவே கூடாதாம், குற்றமாம். காசு குடுத்து வாங்கின பெட்டியை மூடியே வச்சிருக்கணும்னா அது என்ன, சமாதியா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"தாணு, பள்ளிக்கூடத்தில தமிழ் லைப்ரரின்னு சொல்லுதது ஒரு பெட்டியாக்கும். அதிலயும் பாதி கரையான். இந்த மூணு அலமாரியும் போச்சுன்னா என் பிள்ளைகளுக்குப் பாடப் புஸ்தகத்தை விட்டா வாசிக்க ஒண்ணும் கிடையாது. பெறகு தமிழ் கிளாசுக்கு ஆரு வரும்? நானும் பெட்டியுமா இருக்கதா?"

வெளிநாட்டில் இருப்பவனிடம் யாராவது உதவி கேட்டால் அவனுக்குள் ஒரு மந்திரி முழித்துக்கொள்வார். என்னுடைய மந்திரி சொன்னார்: "நீ கவலைப்படாதே. நான் ஒன்று செய்து கொண்டுவருகிறேன்."

பொட்டலம் கட்டும் இயந்திரக்காரனுக்கு இந்த வாக்கியத்தைச் சொல்ல எந்தத் தகுதியும் இல்லை.

3

தகுதி ஊவேக்கு இருந்தது. ஒரு நார்வேக்காரர் தம் ஊர்ப் பள்ளி நூலகத்துக்காக எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் விட்டிருந்த பட்டியல் நிரல் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். மலையாள எழுத்துகளை முன்பே வேறொருவர் வரைந்து வைத்திருந்தார். தமிழ்தான் எங்களுக்குத் தோதாகக் கிடைக்கவில்லை.

"வரைந்துவிட்டால் போயிற்று" என்றார் ஊவே.

கட்டம் போட்ட தாளில் நான் எழுத்துகளை எழுதிக் கொடுத்தேன். அவர் அவற்றைப் புள்ளி புள்ளியாகக் கணினிக்குள் ஏற்றினார். எழுத்துகளின் பெயர் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ண அவருக்கு மூன்று முட்டை. ஜ குடைபிடித்த மாமி. ஞ பெட்டி தூக்கிய நத்தை. தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமி முடிந்தது. நத்தை தகராறு செய்கிறது" என்பார்.

தகராறுக்குக் காரணம் இருந்தது. அந்த நிரலில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவுப் பெட்டி. மூன்று முட்டையை நசுக்கினார், அது நசுங்கிக் கொடுத்தது. ஞ கொடுக்கவில்லை. குறுகலான வாசலில் கட்டிலை நுழைப்பது போல அதைக் கொஞ்சம் சாய்த்து உள்ளே தள்ளிவிட்டார்.

எங்கள் சமையலறை மேசையில் அந்தத் தாள்கள் கிடந்தபோது என் மகள் நந்தினி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய தமிழைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இந்த நகரத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள். இரண்டு வருடம் போய்விட்டு, நீச்சல் வகுப்பும் அதே நேரத்தில் என்பதால் நின்றுவிட்டாள். ஆகவே பாறசாலைக்காரனுக்குப் பிறந்த பெண் ஜெர்மனில் யோசித்து யாழ்ப்பாணத் தமிழில் பேசுகிறாள். ஒருமுறை லீலா அவளோடு தொலைபேசியில் பேசிவிட்டு, "மக்கா, பிள்ளை ரொம்ப மரியாதை. ஆனா எந்த ஊர்க்காரி?" என்று கேட்டாள்.

"அப்பா, இந்த எழுத்து விழப்போகுது போல கிடக்கு."

"விழாது. சாய்ந்திருக்கிறது."

"ஏன்?"

"பெட்டியில் இடமில்லை."

"அப்ப பெட்டியைப் பெரிசாக்கலாம்தானே."

குழந்தைகளுக்கு எல்லாம் எளிது என்று சொல்லித் தாளை வாங்கி வைத்தேன். அவள் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு வேறு தேசத்துக்குப் போய்விட்டாள்.

4

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எல்லாவற்றையும் ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். வாசகசாலையில் பொதுக்குழு கூடியது. சாயாவும் பருப்புவடையும் வந்த பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். நான் செய்த முதல் பிழை, "இது இலவசம்" என்று ஆரம்பித்தது. கூட்டம் முழுக்க ஒரு சந்தேகம் ஓடி அடங்கியது.

இடப்பக்கம் இருந்து ஒரு தோழர் எழுந்தார். "வெளிநாட்டுக்காரன் வெறுதே ஒண்ணும் தரமாட்டான். இன்னைக்குச் சும்மா தருவான், நாளைக்கு நம்ம மூளையை எடுப்பான். இதில ஏகாதிபத்தியம் உண்டு."

வலப்பக்கத்திலிருந்து கதர்ச் சட்டைக்காரர் ஒருவர். "யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொதுன்னு தாணு சொல்லுகான். அதுக்குப் பேரு கம்யூனிசமாக்கும். பின்வாசல் வழியா கொண்டுவாறான்."

இரண்டு பேரும் ஒரே பொருளை எதிர்க்கிறோம் என்று தெரிந்ததும் ஒருவரையொருவர் வெறுப்போடு பார்த்துக்கொண்டார்கள்.

மாதவன் பிள்ளை சார் தொண்டையைச் செருமினார். "ஒரு ஆளு முதலாளித்துவம்னு எதிர்க்காரு. இன்னொரு ஆளு கம்யூனிசம்னு எதிர்க்காரு. ரெண்டையும் கூட்டினா பூஜ்யம். எதிர்ப்பு ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கிடுங்க."

அப்படித்தான் நிறைவேறியது. ஜெர்மனியில் இதே தீர்மானத்துக்கு நாங்கள் மூன்று மாதம் எடுத்திருப்போம்.

 எல்லாரும் செருப்பைத் தேடும்போது லீலா என்னிடம் வந்தாள்.

"தாணு, ஆரு வேணும்னாலும் திருத்தலாம்னு சொன்னியே. ஆரு வேணும்னாலும்னா ஆரு?"

"யார் வேண்டுமானாலும். நீகூட."

"உனக்கிட்ட அனுமதி கேக்கண்டாமா?"

"வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லு."

"வேண்டாம் லீலா."

"சரி" என்று போய்விட்டாள். என் உரையைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நானே கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். திரையில் முதல் தமிழ்த் தலைப்பு வந்தபோது மாதவன் பிள்ளை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அறியுதே" என்றார், ஏதோ கணினி இவ்வளவு நாள் தமிழ் தெரியாதது போல நடித்தது மாதிரி. கண்ணாடி அறையை வராந்தாப் பக்கம் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. அலமாரிகள் ஜன்னலோரமே இருந்தன.

முறைப்படியான திறப்பு விழாவுக்கு முக்கியஸ்தர் கொடுத்த தேதி நான் விமானம் ஏறியதற்கு மறுநாள். புகைப்படம் அனுப்பினார்கள். நிலவிளக்கு எரிகிறது. பக்கத்தில் ஒரு பீடத்தில் என் சிடி, மல்லிகைச் சரம் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஊவேயிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாங்கள் இப்படிச் செய்வதில்லை. செய்யலாம்" என்றார்.

5

அடுத்த வருடம் போனபோது வாசகசாலை வாசலில் தமிழ் அலமாரிகள் கயிறு போட்டுக் கட்டி நின்றன. லீலா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வா. அடக்கத்துக்குச் சரியான நேரத்துக்கு வந்தே."

"என்ன ஆச்சு?"

"மெஷின் ஒருநாள் நின்னுபோச்சு. நெய்யாற்றங்கரையிலிருந்து ஷிபுவைக் கூப்பிட்டாவ. அவன் எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டு, அவனுக்கு அறிஞ்சதைப் போட்டுட்டுப் போயிட்டான். ஒரு மழைக்காலம் முழுக்க நான் இருந்து அடிச்சு ஏத்தினது, தாணு. ஒவ்வொரு புஸ்தகமா. ஒண்ணும் இல்ல. வாற ஞாயிறு ஆண்டுக்கூட்டம். அதுக்குள்ள பட்டியல் வரலைன்னா லாரி வரும்."

ஷிபு கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். அவர் எந்த மென்பொருளையும் காசு கொடுத்து வாங்கியதை யாரும் பார்த்ததில்லை. அவரிடம் வாங்காதவர்களும் அந்த வட்டாரத்தில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கள் கணினியில் ஊரெல்லாம் ஓடுகிற அமெரிக்கச் சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

"சிடி எங்கே?" என்று கேட்டேன்.

மாதவன் பிள்ளை சார் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். அரிய நூல்களுக்கு நடுவில், காய்ந்த மல்லிகைச் சரத்தோடு அது நின்றது. பூட்டு தொங்கியது.

"எடுத்துத் தாருங்கள் சார்."

"அது ரெஃபரன்ஸாக்கும். வெளிய எடுக்க கமிட்டி தீருமானம் வேணும்."

நான் அங்கேயே நின்று யோசித்தேன். நகலெடுக்கவே கூடாது என்று விற்கிற சரக்கை எங்கள் வட்டாரம் முழுக்கத் தாராளமாக நகலெடுத்து வைத்திருக்கிறது. தயவுசெய்து நகலெடுங்கள் என்று கொண்டுவந்து கொடுத்த ஒரே பொருளை மாலை போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது.

அவசரக் கமிட்டி கூடியது. தீர்மானம் ஆனது. சாவி வந்தது. சிடியைக் கையில் வாங்கினேன். எழுத்துள்ள பக்கத்தில் வாசகசாலையின் வட்ட ரப்பர் முத்திரை, ஊதா மையில், பளிச்சென்று இருந்தது. புரட்டினேன். பளபளப்பான பக்கத்திலும் இருந்தது.

"சார், இந்தப் பக்கம் ஏன் குத்தினீர்கள்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மக்கா, புஸ்தகத்துக்கு முதல் பக்கத்தில ஒண்ணு, உள்ள ஒரு ரகசியப் பக்கத்தில ஒண்ணு. கள்ளன் முதல் பக்கத்தைக் கிழிச்சாலும் உள்ள பாத்துக் கண்டுபிடிச்சிரலாம். அது சட்டமாக்கும். இதுக்கு ஆகமொத்தம் ரெண்டு பக்கம்தான் உண்டு. நான் என்ன செய்ய?"

"அந்தப் பக்கத்தில்தான் சார் எல்லாம் இருக்கிறது."

"அங்க ஒண்ணும் எழுதியிருக்கல்லியே. வெறும் கண்ணாடில்லா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துப் பதறி, "இரு இரு, துடைச்சுத் தாறேன்" என்று வேட்டி நுனியை எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தார். முத்திரை போயிற்று. மினுமினுப்பும் கீறிக்கொண்டு போயிற்று.

என்னிடமும் ஊவேயிடமும் வேறு பிரதிகள் இருந்தன. தபாலில் வர நாளாகும், ஆனால் வந்துவிடும். லீலா மழைக்காலம் முழுக்க ஏற்றிய பட்டியலுக்குத்தான் எங்கும் பிரதி கிடையாது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, திட்டு வாங்குவதற்காக வரவழைக்கப்பட்ட ஷிபு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

லீலா தொடங்கினாள். "ஏலே ஷிபு, ஒரு வீட்டில தண்ணிக் குழாய் ஒழுகுதுன்னா வீட்டையா இடிப்ப?"

அவர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சரே, ஒரு காரியம் சொல்லுகேன். ஆரும் கோபப்படக் கூடாது."

"சொல்லு. கோபம் ஏற்கெனவே பட்டாச்சு."

"துடைக்குததுக்கு முன்ன நான் ஒரு காப்பி எடுத்தேன். எந்த மெஷினைத் தொட்டாலும் எடுப்பேன். சீத்த சுபாவம்தான், கெட்ட பழக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த சாதனம்லியா, விடத் தோணல்ல."

அறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவரும் நிறுத்தினார்.

"முழுசுமா?" என்றாள் லீலா. குரல் மெலிந்திருந்தது.

"முழுசும்."

"தமிழும்?"

"எனக்குத் தமிழ் வாசிக்க அறியாது டீச்சரே. எது வேணும் எது வேண்டாம்னு எப்படித் தெரியும்? அப்படியே எடுத்தேன். பின்ன..." அவர் இன்னும் குனிந்தார். "பூவார்ல ஒரு வாசகசாலை, கோட்டுகால்ல ஒண்ணு. ரெண்டு இடத்திலயும் அதைப் போட்டுக் குடுத்தேன்."

"சும்மாவா?" என்றார் மாதவன் பிள்ளை சார்.

"பின்ன சும்மாவா?" என்றார் ஷிபு, அந்த நிலைமையிலும்.

சார் என் பக்கம் திரும்பினார். "தாணு, இதுக்குச் சட்டத்தில என்ன உண்டு?"

"ஒன்றும் இல்லை சார். யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், பிறருக்குப் போட்டுக் கொடுத்துக் காசும் வாங்கலாம். திறந்து பார்க்க முடியாதபடி மூடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஷிபுவுக்கு மூடத் தெரியாது. அவர் செய்தது முழுக்கச் சரி."

ஷிபுவின் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏமாற்றப்பட்டவர் மாதிரி நின்றார்.

"அப்போ நான் இத்தனை நாளு பேடிச்சு ஒளிஞ்சது?"

"வெறுதே" என்றேன்.

"இந்த வழி வரும்போ எல்லாம் ஹெல்மெட்டை மூடிக்கிட்டுல்லா போனேன், சாரே" என்றார், கிட்டத்தட்ட கண்ணீரோடு.

6

ஷிபுவின் பிரதி வந்தது, பட்டியல் மீண்டது. ஆனாலும் ஆண்டுக்கூட்டத்துக்கு முன்னால் மாதவன் பிள்ளை சார் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். அலமாரிகளைக் கொடுக்கத் தீர்மானம் போட்டாயிற்று, களியக்காவிளைக்காரர்களிடமும் சொல்லியாயிற்று, தமிழ்ப் புத்தகம் எடுக்க வருகிறவர்களும் லீலாவின் பிள்ளைகளை விட்டால் யாருமில்லை, எந்தக் காரணத்தைச் சொல்லித் தீர்மானத்தை மாற்றுவது? லாரியும் வந்து புளியமரத்தடியில் நின்றது.

காரணம் பூவாரிலிருந்து பேருந்தில் வந்தது.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். "இங்கயா தமிழ்ப் புஸ்தகம் இருக்கு? எங்க ஊரு வாசகசாலையில கம்ப்யூட்டர் இருக்குங்குது, அலமாரி இல்லைங்குது. ஒரு மாசமா அங்க இருக்க சாரும் தேடுதாரு, நானும் நடக்கேன்."

ஷிபு மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. தமிழ் வாசிக்கத் தெரியாத ஷிபு, எங்கள் பட்டியலை அழிக்கத் தெரியாமல், அதோடு சேர்த்தே பூவாரில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். பூவார் வாசகசாலையில் ஒரு தமிழ்ப் புத்தகமும் இல்லை. ஆனால் அதன் கணினியைக் கேட்டால் மூன்று அலமாரி இருக்கிறது என்கிறது. கடைசியில் யாரோ திரையின் மேல் ஓரத்தில் எங்கள் வாசகசாலையின் பெயரைப் பார்த்து இந்த அம்மாவை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.

கூட்டம் தொடங்குவதற்குள் கோட்டுகாலிலிருந்து ஒரு தையல்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அதே கதை. அவர் இன்னும் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டார்.

லீலா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்க் கயிற்றை வெட்டினாள். அந்த அம்மா கேட்ட புத்தகத்தை எடுத்துத் தூசு தட்டி, மாதவன் பிள்ளை சாரின் மேசையில் வைத்தாள்.

"சாரே, ஆளு வரல்லைன்னு சொன்னியளே. பூவார்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்கு."

அவர் அம்மாவைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, கூட்டத்துக்குரிய குரலில் சொன்னார்: "பூவாரும் கோட்டுகாலும் புஸ்தகத்துக்கு நம்ம வாசல்ல வந்து நிக்குதுன்னா, அது இந்த வாசகசாலைக்கு ஒரு அந்தஸ்தாக்கும். அந்தஸ்தைத் தூக்கிக் களியக்காவிளைக்குக் குடுக்கதுக்கு எனக்குச் சம்மதம் இல்லை."

தோழரும் கதர்ச் சட்டைக்காரரும் ஒரே நேரத்தில் ஆமோதித்தார்கள். பிறகு சங்கடப்பட்டார்கள். அலமாரிகள் ஜன்னலோரம் திரும்பின. லாரிக்காரர் கூட ஒரு கை பிடித்தார்.

7

திரும்பி வந்து சில மாதங்கள் கழித்து லீலாவிடமிருந்து ஒரு தாள் தபாலில் வந்தது. புதிதாக வாங்கிய தமிழ்ப் புத்தகங்களின் அச்சிட்ட பட்டியல். முதலில் ஒன்றும் புலப்படவில்லை. நந்தினி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அந்த எழுத்து எழும்பி நிக்குது."

ஞ நிமிர்ந்து நின்றது. முழு உடம்போடு, இரண்டு பெட்டி இடத்தை எடுத்துக்கொண்டு, யாருக்கும் ஒதுங்காமல் நின்றது.

லீலாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஞ-வை யார் மாற்றியது?"

"நானாக்கும். ஷிபுவைப் பிடிச்சு இருத்திச் செய்ய வச்சேன். பிள்ளைகள் அதைப் பாத்துட்டு நோட்டுலயும் சரிச்சே எழுதுது. எனக்குப் பொறுக்குமா? ஒரு பெட்டி போதாதுன்னா ரெண்டு குடுலேன்னேன். ரெண்டு ஞாயிறு இருந்து செஞ்சான். பூவார்லயும் கோட்டுகால்லயும் மாத்திட்டான்."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எதுக்கு? அனுமதி வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னியே. நான் யோசிச்சுச் சொல்லுன்னும் சொன்னேன்."

போனை வைத்ததும் நந்தினி, "பெட்டியைப் பெரிசாக்கச் சொல்லி நான் அப்பவே சொன்னனான்" என்றாள். அவள் காதில் கருவி இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற வரிகளையும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். நீச்சலுக்கு நேரமானதும் வைத்துவிட்டுப் போனாள்.

பழைய பட்டியல் ஒன்றையும் இந்தப் புதிய தாளையும் ஊவேயிடம் காட்டினேன். கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தார். தம் நத்தையை யாரோ தொட்டுவிட்டதில் அவருக்கு வருத்தம் வரும் என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அவர் தாமே ஒரு வரி எழுதினார்: வெளியிலிருந்து முதல் திருத்தம் வந்தது, ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த வாக்கியத்தின் மேல் யாரும் சண்டை போடவில்லை.

வரி அலுவலகத்துக்கு அந்த இரண்டு தாள்களைத்தான் சான்றாக இணைத்தேன். அம்மையார் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். என் அறிக்கையை இரண்டாம் முறை படித்தார்.

"இதில் உங்கள் சங்கம் செய்தது எது?"

"சாய்ந்திருப்பது."

"நேராக இருப்பது?"

"அது அங்கே செய்தது. ஒரு ஆசிரியை. எங்கள் பிரதியிலும் இப்போது அதுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் பயனாளி யார்?"

என் பக்கத்தில் ஊவே, சிக்னல் விழுந்தவர் போல, பள்ளிக்கூடப் பையனாகக் கையை உயர்த்தினார்.

"நான்" என்றார். "எனக்கு அதை நிமிர்த்தத் தெரியவில்லை."

அம்மையார் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, நேரான தாளின் மேல் ஓங்கிக் குத்தி என்னிடம் நீட்டினார். வாங்கியதும் என்னையறியாமல் புரட்டிப் பார்த்தேன்.

பின்பக்கம் வெறுமையாக இருந்தது.